அழகுமுத்துவும் ரெண்டு கிலோவும்

பிரம்லி தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கும் அழகுமுத்துவுக்கு வயது ஐம்பத்தாறு. அதில் முப்பத்தொரு வருடம் இயந்திரங்களோடு போயிற்று. அதனாலோ என்னவோ, ஆளோடு பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். எங்கே தேய்ந்திருக்கிறது என்று தோளையும் முழங்காலையும் பார்ப்பார். நான் இந்தத் தோட்டத்துக்கு மருத்துவிச்சியாக வந்த முதல் நாளே, "மிஸி, ஒங்க எடது சப்பாத்து அளவு பத்தல" என்றார். வணக்கம் அதற்குப் பிறகுதான் சொன்னார்.

என் பெயர் பூரணி. மலையில் மருத்துவிச்சியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால், இருபத்திரண்டு வருடமாக என் பெயரைச் சம்பளத் துண்டில் மட்டும்தான் பார்க்கிறேன்.

தோட்டத்தில் இரண்டு பிரிவுகள். நாங்கள் கணக்கு என்போம். கீழ்க்கணக்குக்குத் தார் ரோடு உண்டு. மேக்கணக்குக்கு எழுநூற்றுச் சொச்சம் படிகளும் ஓர் ஒற்றையடிப் பாதையும் உண்டு. அங்கே அறுபத்து நான்கு குடும்பம் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிறது. அழகுமுத்துவும் அங்கேதான். தேர்தலுக்குத் தேர்தல் ரோடு வரும். தேர்தல் முடிந்ததும் போய்விடும்.

அவசர அம்புலன்ஸுக்குப் போன் செய்தால் கால் மணி நேரத்தில் தொழிற்சாலைச் சந்திக்கு வந்துவிடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்திவரை ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பாடு. கம்பளியை விரித்து, அதில் ஆளைக் கிடத்தி, நான்கு மூலையை நான்கு பேர் பிடிக்க, இடுப்புப் பக்கம் இருவர் தாங்கி இறக்குவோம். உள்ளே கிடப்பவர் வளைந்துபோய், மோவாய் நெஞ்சில் இடிக்க வருவார். மழை இல்லாவிட்டால் ஒன்றே முக்கால் மணி நேரம். மழை நாளில் யாரும் நேரம் பார்ப்பதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் அழகுமுத்துவின் மகள் கிருஷாந்தியை அப்படித்தான் இறக்கினோம். தலைப்பிரசவம். மாடசாமி கோயில் திருப்பத்துக்கு வந்ததும் இனி முடியாது என்று தெரிந்துவிட்டது. கம்பளியைப் படியில் வைக்கச் சொன்னேன். தூக்கி வந்த ஆறு பேரையும் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு குடையின் கீழே பிள்ளையை எடுத்தேன். பெண் பிள்ளை. அழவில்லை. திரும்பி நின்ற ஆறு பேரில் அழகுமுத்துவும் ஒருவர்.

இருபது நிமிடம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. அவர் சொன்னது சரி என்பதால் அது கொஞ்சமும் குறையவில்லை.

எட்டாம் நாள் அழகுமுத்து வேலைக்குப் போனார். தொழிற்சாலைக்குப் பின்னால் கழித்துப்போட்ட இரும்புக் குவியலில் நின்று அரை மணி நேரம் பார்த்தார் என்று காவல்காரர் மூக்கன் சொன்னார். பிறகு பதினொரு மாதம் அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. பதினொரு மாத முடிவில் ஒரு ஸ்ட்ரெச்சர் இருந்தது. நடுவில் ஒரே ஒரு வீல், பழைய மோட்டார் சைக்கிளுடையது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால் போதும். பாரம் முழுக்க வீலில்தான். பின்னால் இருப்பவர் கையில் பிரேக். படி எவ்வளவு செங்குத்தாக இறங்கினாலும் படுக்கை மட்டமாக நிற்கும்படி அடியில் ஒரு திருகு வைத்திருந்தார். முதலில் உர மூட்டையை வைத்து இறக்கினார். அடுத்து தன் தம்பியைக் கிடத்தி இறக்கினார். கடைசியில் தானே படுத்துக்கொண்டு, மழை பெய்யட்டும் என்று காத்திருந்து இறங்கினார். நாற்பது நிமிடம்.

அந்தச் சமயத்தில்தான், தோட்டப்புறங்களுக்கு அவசர மருத்துவ உபகரணம் வாங்கிக் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. புத்தாக்கங்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தலில் போட்டிருந்தார்கள். தெரிவானால் இருபத்து நான்கு தோட்டங்களுக்கு அதே ஸ்ட்ரெச்சரைச் செய்து கொடுப்பார்களாம். விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். இதற்கு முன் உலகத்தில் இல்லாத பொருள் என்று ஒரு பக்கத்தில் நிரூபிக்க வேண்டும். அதே பொருளுக்கு மூன்று பேரிடம் விலைமனு வாங்கி அடுத்த பக்கத்தில் இணைக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் பைஸரிடம் போனோம். "செய்யாத சாமானுக்கு வெல சொல்றதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல மிஸி, செஞ்ச சாமானுக்குச் சொன்னாத்தான் ஆளுங்க சண்டைக்கு வர்றாங்க" என்று சொல்லி, தன் கடை பேரில் ஒன்றும் மச்சான் கடை பேரில் ஒன்றும் தந்தார். மூன்றாவது அழகுமுத்துவுடையது.

திட்டத்துக்குப் பொருள் தெரிவு செய்யும் பெறுகைக் குழு பங்குனி மாதம் சோதனைக்கு வந்தது. நான்கு பேர், ஒரு ஜீப். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத ஆளை ஸ்ட்ரெச்சரில் வைத்து மேக்கணக்கிலிருந்து சந்திக்கு ஒரு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். அதுதான் நிபந்தனை. எங்கள் தோட்டத்தில் தொண்ணூறு கிலோ ஆள் என்றால் ஒருவர்தான்: தொழிற்சங்கத் தலைவர் கஜேந்திரன். மற்ற எல்லாரும் மலை ஏறி இறங்குகிறவர்கள். தலைவர் வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, மாலை மட்டும் இல்லாமல் வந்தார்.

நிறுப்பதற்கு முத்திரை குத்திய தராசு வேண்டும் என்றார்கள். தோட்டத்தில் அப்படியொன்று கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் மட்டும்தான் உண்டு. பெண்கள் பறித்த கொழுந்தைக் கணக்கப்பிள்ளை விஜிதரன் மூன்று வேளையும் அதில்தான் நிறுப்பார். நிறுத்து, துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். தலைவர் ஏறி நின்றார். சிவப்பு இலக்கத்தில் தொண்ணூற்றொன்று விழுந்தது. நான் பார்த்தேன், குழுவும் பார்த்தது. விஜிதரன் துண்டு எழுதி, கிழித்து, குழுவின் செயலாளரிடம் கொடுத்தார். அவர் அதை மடித்துக் கோப்பில் வைத்தார்.

முப்பத்தெட்டு நிமிடத்தில் தலைவர் சந்திக்கு வந்து சேர்ந்தார். பாதி வழியில் தூங்கியும் போனார். குழுவினர் அழகுமுத்துவின் கையைக் குலுக்கினார்கள். முடிவு வரும்வரை மாதிரிப் பொருள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஸ்ட்ரெச்சரைத் தொழிற்சாலைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போது கிருஷாந்திக்கு மறுபடியும் ஐந்து மாதம். ஆடி மாதம்தான் நாள். அழகுமுத்து ஜீப் போன திசையைப் பார்த்துக்கொண்டே, "ஆடிக்கு முன்னாடி கடுதாசி வந்துரும்ல மிஸி?" என்று கேட்டார்.

கடிதம் சித்திரையிலேயே வந்துவிட்டது. சோதனைச் சுமை எண்பத்தொன்பது கிலோகிராமாகக் காணப்படுவதால் நிபந்தனை பூர்த்தி செய்யப்படவில்லை, வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது.

துண்டின் பிரதியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். விஜிதரனின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எண்பத்தொன்பது.

விஜிதரன் கெட்டவர் இல்லை. பதினேழு வருடமாக ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழித்து எழுதுகிறவர். அவருக்கு முன்பிருந்தவரும் கழித்தார். சாக்கு அரைக் கிலோகூட இல்லை. வெயில் நாளில் கொழுந்தில் ஈரமும் இல்லை. ஆனாலும் இரண்டு கிலோ. இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது, துண்டில் கழித்த பிறகு வரும் கணக்கு மட்டும்தான் இருக்கும். இரண்டு கிலோ குறைந்து அரைப் பேர் விழுந்த பெண்கள், அதாவது அரை நாள் சம்பளத்தோடு போன பெண்கள், துண்டைத் திருத்தச் சொல்லி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார்கள். எழுதின துண்டைத் திருத்துகிற வழக்கம் இங்கே இல்லை என்பதுதான் எப்போதும் பதில்.

"நான் வேணும்னு கழிக்கல மிஸி" என்றார் விஜிதரன். கண் கலங்கியிருந்தது. "கண்ணு தொண்ணூத்தொண்ணுன்னு பாத்துச்சி. கை அதுபாட்டுக்கு எழுதிருச்சி."

"தலைவரு என்ன சாக்கா?" என்றேன்.

"அதான் மிஸி."

அழகுமுத்து அவரைத் திட்டவில்லை. விஜிதரனின் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழகுன மிசின் அப்பிடித்தான் ஓடும்" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார். திட்டியது நான். அதை இங்கே எழுத முடியாது.

தலைவருக்குத்தான் தலைகால் புரியவில்லை. இரண்டு கிலோவைப் பற்றி அவர் இருபது வருடமாக மேடையில் பேசுகிறார், ஆதாரம் எங்கே என்று கேட்டால் உட்கார்ந்துவிடுவார். இப்போது அவர் உடம்பே ஆதாரமாகிவிட்டது. லயம் லயமாகப் போய், "நான் தொண்ணூத்தொண்ணு, என்னைய எண்பத்தொம்பதுன்னு எழுதிட்டாங்க" என்று சொன்னார். அவருடைய பேச்சை மக்கள் கடைசிவரை நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

மேன்முறையீடு செய்ய வழி இருந்தது. துண்டு எழுதியவரே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தவறு நேர்ந்தது எப்படி? இது போன்ற தவறு இதற்கு முன் நேர்ந்துள்ளதா? ஆம் எனில் எத்தனை தடவை? பொய்யான தகவல் தண்டனைக்குரியது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது கேள்வியில் விஜிதரன் ரொம்ப நேரம் நின்றார். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, நூற்றிருபது பெண்கள், பதினேழு வருடம் என்று பெருக்கப் பார்த்து, இடம் போதாமல், "ஒவ்வொரு தடவையும்" என்று எழுதினார். கையெழுத்தும் வைத்தார். "தேதி மட்டும் போட்டுறாதீங்க மிஸி. போடுற அன்னிக்கு எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. வீட்ல சொல்லிக்கணும்" என்றார். வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி போயிற்று. மீதியை வைத்திருக்கிறேன்.

தோட்டத்தில் ரகசியம் தங்காது. மறுநாளே தொரை, அதாவது தோட்ட மேலாளர், அழகுமுத்துவையும் என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். எங்கள் தொரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் வேலை வாங்குவதற்காகக் கற்றுக்கொண்டது என்பதால் எதைச் சொன்னாலும் கட்டளையாகத்தான் வரும்.

"கடிதம் போகாதே. ஸ்ட்ரெச்சர் மேலே போ" என்றார்.

விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஸ்ட்ரெச்சர் தோட்டத்து இரும்பில் செய்தது, ஆகவே தோட்டத்துச் சொத்து. அங்கீகாரம் இல்லாத சாமானில் யாராவது விழுந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். இருந்தாலும் பரவாயில்லை, நாளைக்கே மேக்கணக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விஜிதரன் எழுதிய அந்த மேன்முறையீட்டுக் கடிதம் போனால் ஸ்ட்ரெச்சர் திரும்பி சாமான் அறைக்கு வந்துவிடும். ஒரு துண்டைத் திருத்தினால் மறுநாள் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நூற்றிருபது பேர் துண்டோடு நிற்பார்கள் என்பது அவர் கவலை. அவர் கணக்கு தப்பில்லை. நிற்பார்கள்தான்.

கடிதம் போய், மேன்முறையீடு சரியாகி, திட்டத்து ஸ்ட்ரெச்சர் வந்து சேர எப்படியும் ஆறு ஏழு மாதம். கிருஷாந்திக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

"சரிங்க தொர" என்றார் அழகுமுத்து. யோசிக்கவே இல்லை. நானும் யோசிக்கவில்லை.

வெளியே வந்ததும் திரும்பி நின்றார். "நூத்தி இருவது பேரு கொழுந்த வித்து எம்மகளுக்கு வண்டி வாங்கிட்டேன்ல மிஸி?" என்றார்.  

தலைவர் கோபத்தில் குதித்தார். ஆனால் அன்று மாலை படியேறி வந்த கிருஷாந்தியின் வயிற்றைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவரைப் பற்றி நான் சொல்லும் ஒரே நல்ல வார்த்தை இது. பெண்கள் யாரும் அழகுமுத்துவை எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போலக் கொழுந்தைக் கொட்டி, இரண்டு கிலோவை விட்டுவிட்டு, துண்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆடி பிறந்து ஐந்தாம் நாள், கொட்டுகிற மழையில், காலை ஒன்பது மணிக்குக் கிருஷாந்திக்கு வலி கண்டது. போன் செய்துவிட்டுக் கிளம்பினோம். முன்னால் அவள் புருஷன், பின்னால் பிரேக்கில் அழகுமுத்து. மாடசாமி கோயில் திருப்பத்தில் நான் எதையும் பார்க்காமல் நடந்தேன். நாற்பத்தொரு நிமிடத்தில் சந்தியில் இருந்தோம். அம்புலன்ஸ் வந்திருக்கவில்லை, கீழே ரோட்டில் மரம் விழுந்து முக்கால் மணி நேரம் தாமதம். நின்றோம். மேக்கணக்கு ஆட்கள் அம்புலன்ஸுக்காகக் காத்து நின்றது அன்றுதான். கிருஷாந்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆண் பிள்ளை பெற்றாள். பிள்ளை போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி முறைத்தாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிள்ளை பிறந்து பதினாறு நாள் கழிந்து வந்த சனிக்கிழமை அழகுமுத்து டிஸ்பென்சரிக்கு வந்தார். குளித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

"புள்ள பொறந்தாச்சி. கடுதாசிய எடுங்க மிஸி, தேதி போடுவோம்."

நான் கர்ப்பிணிகள் பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். மேக்கணக்கில் இரண்டு பேர். ஒருத்திக்கு எட்டு மாதம், ஒருத்திக்கு ஐந்து. கடிதம் போனால் ஸ்ட்ரெச்சர் கீழே வந்துவிடும். அவர் இரண்டு பெயரையும் விரல் வைத்து வாசித்தார். இரண்டு பேரும் அவருக்குத் தெரிந்த பிள்ளைகள்.

"அப்ப அடுத்த மாசம் வாரேன்" என்று போய்விட்டார்.

ஆவணிக் கடைசியில் வந்தார். ஒருத்தி பெற்றிருந்தாள், ஒருத்தி பாக்கி. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் வந்தார். மேக்கணக்கில் யாராவது ஒருத்தி எப்போதும் முழுகாமல் இருப்பாள் என்று இத்தனை வருட வேலையில் எனக்குத் தெரியும். அவருக்கு அதைச் சொல்லவில்லை. வரும்போதெல்லாம், பெரட்டில் பெண்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பார். அவர் எப்போது முகத்தைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை நடுவில் பாக்கி இருந்தவளும் நல்லபடியாகப் பெற்றாள். பக்கம் வெறுமையாக நின்றது. இப்படி நான் பார்த்ததே இல்லை. வருடம் முடிய ஒரு மாதம்கூட இல்லை. சனிக்கிழமை அழகுமுத்து வருவார்.

வெள்ளிக்கிழமை தனுஷிகா வந்தாள். மேக்கணக்கில் மூன்றாம் லயம், கொழுந்து பறிக்கிறவள், கல்யாணமாகி ஒரு வருடம். பரிசோதித்தேன். இரண்டு மாதம். சந்தோஷத்தில் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

"இப்ப எழுதாதீங்க மிஸி" என்றாள்.

"ஏன்?"

"நாளைக்கு மாமா வந்து புத்தகத்தப் பாத்துட்டுப் போகட்டும். திங்கக்கெழம எழுதுங்க."

அழகுமுத்துவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குக் கோபம் வந்தது. "ஒனக்குப் பைத்தியமா? வண்டி போயிருச்சின்னா ஒன்னைய யாரு எறக்குறது?"

"எனக்கு ஆனி மாசந்தானே. அதுக்குள்ள அவங்க வண்டிய அனுப்பிருவாங்க."

"அனுப்பாட்டி?"

"கம்பளி இருக்குல்ல" என்றாள். கம்பளியில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். கிருஷாந்திக்கு அடுத்த காம்பரா அவளுடையது. "போன மாசம் எனக்கு ஒம்பது அரப்பேரு மிஸி. ஒம்பதுமே ஒரு கிலோ, ரெண்டு கிலோவுல போனது. எங்கம்மாவுக்கும் அப்பிடித்தான் போச்சி. இது பொம்பளப் புள்ளயா இருந்தா இதுக்கும் போகணுமா?"

நான் பதிவேட்டை மூடினேன்.

சனிக்கிழமை அழகுமுத்து வந்தார். வெற்றுப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு தாள் திருப்பி, திரும்பவும் இந்தப் பக்கம் வந்தார்.

"யாருமே இல்லியா மிஸி?"

"புத்தகத்துல இருக்குறதத்தானே பாக்குறீங்க" என்றேன்.

விஜிதரனுக்கு ஆள் அனுப்பினேன். "சரி" என்று ஒரு வார்த்தை வந்தது. அழகுமுத்து தேதியைப் போட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய், கடிதத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்தார். சம்பளக் குறையை விசாரிக்கும் தொழிற் காரியாலயத்துக்கு ஒரு பிரதி. திங்கட்கிழமை தொரைக்கும் ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். ஒளித்துச் செய்யத் தெரியாத மனிதர். நான் அன்றைக்கு தனுஷிகாவின் பெயரை எழுதி, பரிசோதித்த நாள் திங்கள் என்று போட்டேன். அந்தப் பதிவேட்டில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்ட்ரெச்சரை எடுத்துப்போக இரண்டு பேர் மேக்கணக்குக்கு வந்தார்கள். நான் பிள்ளைகளுக்கு நிறை பார்க்கப் போயிருந்தேன். லயத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள், யாரும் தடுக்கவில்லை. அழகுமுத்து கூடவே நின்று, பிரேக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்காம்பரா வாசற்படியில் வீல் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற தனுஷிகா குனிந்து, ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏய் தனுஷிகா, பாரம் தூக்காத! ரெண்டு மாசம்டி!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். தனுஷிகா மெதுவாகக் கையை எடுத்தாள். அழகுமுத்து அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி, நேராக என் முகத்தைப் பார்த்தார்.